மறுமொழி: வெளியலகு தன் அனலையே இழுப்பதற்கு என்ன சொல்? ‘மீள்மூச்சு’ என்கிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். ஏர்கோனின் வெளியலகு, அதாவது வீட்டுக்கு வெளியே வைக்கிற பெட்டி, தான் விட்ட அனல்காற்றையே திரும்ப இழுப்பதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. சென்னை ஐயா ‘வெப்பக்காற்று மீள்சுழற்சி’ என்கிறார். ஈப்போ அக்கா ‘அனல் திரும்பல்’ என்கிறார். நான் மொழி படித்தவன் அல்லன். மலேசியாவில் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். இதற்கு ஒரு சொல் இல்லாததால் எங்கள் ஊர் அடுக்குமாடிகளில் ஏழைப்பட்டவர்கள் காசு இழப்பதை வாராவாரம் பார்க்கிறேன். அதனால்தான் எழுத வந்தேன்.

சென்ற மார்ச் மாதம் நாலாம் மாடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, பாட்டி ஒருவர் அங்கே இருக்கிறார். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு மகனோடு இந்த ஃபிளாட்டுக்கு வந்தவர். படுக்கையறையில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன். காலையிலும் ராத்திரியிலும் ஜில்லென்று இருக்கும். பகல் ஒரு மணி தாண்டினால் வெறும் காற்றுதான். நாலு மணி வாக்கில் கம்ப்ரசர் நின்றே போகும். கால் மணி கழித்து மறுபடி ஓடும். எனக்கு முன் வந்த இருவர் ‘கேஸ் இல்ல’ என்று சொல்லி ஆளுக்கு ஒரு முறை கேஸ் ஏற்றிக் காசு வாங்கிப் போயிருந்தார்கள்.

இந்தக் ‘கேஸ்’ என்ற ஒரே சொல்தான் எங்கள் ஊரில் எல்லா ஏர்கோன் நோய்க்கும் பெயர். கேஸ் என்பது குளிரூட்டும் வாயு. அது மோட்டார்சைக்கிளில் பெட்ரோல் தீர்வது போலத் தீர்ந்து போகிற பொருள் இல்லை. அடைத்த குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. குறையாத இடத்தில் ஏற்றினாலோ அழுத்தம் கூடி, கம்ப்ரசர் இன்னும் கொதிக்கும். நோய்க்குச் சரியான பெயர் வாயில் இல்லாதபோது, தெரிந்த ஒரே பெயரைச் சொல்லித்தான் மருந்து கொடுக்கிறார்கள்.

நான் முதலில் பின்கட்டுக்குப் போனேன். துணி காயப்போடும் இடத்தில்தான் வெளியலகு இருந்தது. மழைச் சாரல் அடிக்கிறது என்று மகன் கம்பியிலிருந்து கூரை வரைக்கும் பிளாஸ்டிக் தகடு அடித்துவிட்டார். ஒரு முழ இடைவெளிதான் திறப்பு. விசிறி தள்ளுகிற அனல் தகட்டில் மோதி, பக்கவாட்டில் சுற்றி, வெளியலகு காற்றை இழுக்கிற முதுகுக்கே வந்து சேர்கிறது. தெருவில் நிழலில் 34 பாகை. வெளியலகின் முதுகில் வெப்பமானியைத் தொங்கவிட்டால் 44. நம் நாட்டில் பதிவான உச்ச வெப்பமே பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-இல் பதிவான 40.1 பாகைதான். அந்தப் பாட்டியின் மெஷின் நாள்தோறும் பிற்பகலில் அதைவிடச் சூடான காற்றில் வேலை செய்துகொண்டிருந்தது.

ஒரு குதிரைத்திறன் மெஷின் என்றால் மணிக்குச் சுமார் 9,000 பிடியூ, அதாவது 2.6 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கிறது. கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேர, வெளியே கொட்ட வேண்டியது மூன்று கிலோவாட்டுக்கு மேல் ஆகிவிடும். வெளிக்காற்று 35 பாகையில் இருக்கும்போது என்ன திறன் என்பதைத்தான் பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். காற்று அதைவிடச் சூடாக ஆக, ஒடுக்கியில் (வெளியலகில் வெப்பத்தை வெளிவிடும் குழாய்ச்சுருளில்) அழுத்தம் ஏறும், குளிர்ச்சி குறையும், மின்சாரம் கூடும். கடைசியில் காப்பு விசை கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

(இடையில் ஒன்று. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் ஒடுக்கியையும் ‘கண்டென்சர்’ என்பார்கள், மோட்டாரைக் கிளப்புகிற மின்தேக்கியையும் ‘கண்டென்சர்’ என்பார்கள். ‘கண்டென்சர் மாத்தணும்’ என்று கேட்ட வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று சில பத்து ரிங்கிட், மற்றது பல நூறு. ஒடுக்கி, மின்தேக்கி என்று தமிழில் சொன்னால் அந்தக் குழப்பமே இல்லை.)

கேஜ் (அழுத்தமானி) போட்டேன். இரண்டு பக்க அழுத்தமும் உயர்ந்திருந்தது. கசிவாக இருந்தால் தாழ்பக்கம் இறங்கியிருக்கும். உள்ளலகு இழுக்கிற காற்றுக்கும் விடுகிற காற்றுக்கும் 5 பாகைதான் வித்தியாசம். தகட்டில் இரண்டைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன். முதுகில் 44 என்றிருந்தது 36-க்கு வந்தது. உள்ளே வித்தியாசம் 8 ஆனது. பிறகு கேஸ் முழுவதையும் உருளையில் திரும்ப எடுத்து, மெஷினில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதிய அளவுக்கு எடை போட்டு மறுபடி ஏற்றினேன். வித்தியாசம் 10.

நான் கழற்றும்போது பாட்டி பக்கத்தில் நின்று பார்த்தார். “அது விட்ட மூச்ச அதுவே இழுக்குது. அப்புறம் மூச்சு வாங்காம என்னா தம்பி செய்யும்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஷீட்டுக்குப் பொக போடுற வீட்டுல மேல் சன்னல அடச்சிட்டா ஷீட்டு காயுமா? ஈரம் உள்ளயேதானே கெடக்கும்” என்றார். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கிற வீட்டைச் சொன்னார். நான் பத்து நிமிடம் படம் போட்டு விளக்க வேண்டியதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

‘மீள்மூச்சு’ அங்கேதான் பிறந்தது.

சென்னை ஐயா சொன்ன ‘மீள்சுழற்சி’யை நான் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. உள்ளலகு அறைக்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறது. அது மீள்சுழற்சி, அப்படி நடக்க வேண்டும் என்றே செய்தது. வெளியலகு தன் காற்றையே இழுப்பது பழுது. நடக்க வேண்டியதற்கும் நடக்கக் கூடாததற்கும் ஒரே சொல்லை வைத்தால் பழுதை எப்படிச் சொல்வது? குப்பையை மறுபடி பயன்படுத்துவதற்கும் அதே சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஈப்போ அக்காவின் ‘அனல் திரும்பல்’ எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் சாயங்காலம் சுவர் கக்குகிற அனலுக்கும் அது பொருந்திவிடும். இழுப்பவரும் விடுபவரும் ஒருவரே என்பது அதில் இல்லை. மூச்சு என்றால் அது தானே வந்துவிடும்.

பினாங்கு நண்பர் ‘இயந்திரத்துக்கு மூச்சு ஏது?’ என்று கேட்டிருந்தார். ஊசிக்குக் காது வைத்தோம், குடத்துக்கு வாயும் கழுத்தும் வைத்தோம். எங்கள் தோட்டத்தில் மரத்தின் வெட்டுக்காயத்தில் ஒட்டிக் காய்ந்த பாலுக்கு ‘ஒட்டுப்பால்’ என்று பெயர் வைத்தவர்கள் எந்தக் குழுவிலும் உட்கார்ந்தவர்கள் அல்லர். பார்த்ததைச் சொன்னார்கள், நின்றுவிட்டது.

புணர்ச்சிப்படி ‘மீண்மூச்சு’ என்று வர வேண்டும் என்ற திருத்தத்தையும் பார்த்தேன். இலக்கணம் சரிதான். ஆனால் காதில் ‘மீன்’ என்று விழுகிறது. எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ‘மீள்பார்வை’ என்று சொல்லியே வளர்கிறார்கள்; ‘மீள்’ என்றால் அவர்களுக்கு உடனே விளங்கும். ‘மீள்மதிப்பீடு’ என்று மகர எழுத்துக்கு முன்னும் பிரித்தேதான் எழுதுகிறோம். ஆகவே ‘மீள்மூச்சு’ என்றே இருக்கட்டும்.

வினையாக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ‘வெளியலகு மீள்மூச்சு இழுக்கிறது’ என்பது காரணம். ‘மெஷின் மூச்சு வாங்குகிறது’ என்பது அதன் விளைவு. இரண்டையும் கலக்காமல் எழுதினால் தமிழில் காரணமும் விளைவும் தனித்தனியே நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஷார்ட் சைக்கிள்’ என்று காற்றுக்கும் சொல்கிறார்கள், கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதற்கும் சொல்கிறார்கள். அந்தச் சிக்கலை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை.

வீட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பிற்பகல் மூன்று மணிக்கு, வெளியலகின் முதுகுப் பக்கம் ஒரு வெப்பமானி, வெளியே திறந்த நிழலில் ஒன்று. நாலைந்து பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மீள்மூச்சுதான். கைக்கு எட்டாத இடமென்றால் மாடியிலிருந்து எட்டிக் குனிய வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். பகலில் மட்டும் சோர்ந்தாலே கசிவு இல்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம். சின்னக் கசிவும் முதலில் வெயில் நேரத்தில்தான் தெரியும். கேஜ் பார்க்காமல் ஏற்றச் சம்மதிக்காதீர்கள்.

உள்ளலகுக்கு முன் அலமாரியோ திரையோ இருந்து, குளிர்காற்றே திரும்பி மேலே ஏறி, அறை குளிர்ந்துவிட்டதாக மெஷின் ஏமாறுகிறதே, அதையும் மீள்மூச்சு என்று சொல்லலாமா? எனக்குச் சொல்லலாம் என்றே படுகிறது. ஈப்போ அக்கா என்ன நினைக்கிறார் என்று அறிய ஆவல்.

பாட்டி வீட்டுச் சீட்டில் நான் எழுதிக் கொடுத்தது: ‘பழுது: மீள்மூச்சு. தகடு 2 கழற்றப்பட்டது. கேஸ் அதிகமாக இருந்தது, அளவுக்குக் குறைக்கப்பட்டது. கசிவு இல்லை.’ அடுத்து எவர் வந்தாலும் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.