திருப்பி அடிக்கச் சொன்னது தப்பா? பள்ளிக்கூடமும் ஐஸ் ஹாக்கியும்

வேங்கைமைந்தன்:
மூணு நாளா மனசு ஆறலை, அதான் இங்க கொட்டுறேன். பையன் ஏழாவது படிக்கிறான். ரெண்டு மாசமா வகுப்புல ஒருத்தன் இவனோட ஜியோமெட்ரி பாக்ஸைப் பிடுங்கித் தரையில கவிழ்த்து, ஒவ்வொண்ணா பொறுக்க வைக்கிறான். இவன் குனிஞ்சு பொறுக்கப் பொறுக்க, சுத்தி நிக்கிற பசங்க சத்தமா எண்ணுவாங்களாம். ஒண்ணு, ரெண்டு, மூணு. பள்ளியில ரெண்டு தடவை சொல்லியாச்சு. "பசங்கன்னா அப்படித்தான்"னு அனுப்பிட்டாங்க. போன வாரம் நான்தான் சொன்னேன், "அடுத்த தடவை ஒண்ணு வை, அப்புறம் கிட்டயே வரமாட்டான்"னு. வச்சான். அவனுக்கு மூக்குல ரத்தம், என் பையனுக்கு அஞ்சு நாள் சஸ்பென்ஷன். அந்தப் பையனை ஒரு வார்த்தை கேக்கலை.

நான் வட அமெரிக்காவோட என்.எச்.எல். லீக் ஐஸ் ஹாக்கியை விடாம பார்க்கிறவன். அங்க இதுக்குன்னே ஆள் வச்சிருந்தாங்க, என்ஃபோர்சர்னு. எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியில நட்சத்திர வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியைத் தொட்டா, என்ஃபோர்சர் டேவ் செமென்கோவுக்குப் பதில் சொல்லணும். 1988-ல கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குப் போனப்போ, அவரோட மார்ட்டி மெக்சோர்லியும் போனார். 1992-ல சண்டையை ஆரம்பிக்கிறவனுக்குத் தண்டனையைக் கூட்டி விதியைக் கடுமையாக்கினாங்க. அதுக்கப்புறம் முதுகுல இடிச்சுட்டு ஓடுறவனுக்குப் பயம் விட்டுப்போச்சு. 2012-ல டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் மேலாளர் பிரையன் பர்க், தன் என்ஃபோர்சர் கோல்டன் ஆரைக் கீழ் லீக்குக்கு அனுப்பினப்போ இதைத்தான் சொல்லி வருத்தப்பட்டார், ஆட்டம் எலிகள் கைக்கு, அதான் இடிச்சுட்டு ஓடி ஒளியுறவங்க கைக்குப் போயிடும்னு. என் பையன் வகுப்புல போயிடுச்சு.

கலைவாணி டீச்சர்:
பதினெட்டு வருடமாக வகுப்பெடுக்கிறேன் சார். இரண்டு தடவை சொல்லியும் கண்டுகொள்ளாதது பள்ளியின் குற்றம், அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் பையன் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியதில் என்னைத் தூங்கவிடாதது அந்த எண்ணிக்கைதான். பாக்ஸைக் கவிழ்ப்பவன் ஒருவன். எண்ணுகிற பத்துப் பேர் இருப்பதால்தான் அவன் கவிழ்க்கிறான். கனடாவில் டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் குழுவினர் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். 2001-ல் வந்த அந்த ஆய்வின்படி, சீண்டல் நடந்தபோது 88 விழுக்காடு நேரங்களில் மற்ற பிள்ளைகள் கூடவே நின்றிருந்தார்கள். யாராவது குறுக்கே புகுந்தது 19 விழுக்காட்டில் மட்டும். அப்படிப் புகுந்தபோதோ, பாதிக்கு மேல் பத்தே நொடிகளில் நின்றுவிட்டது. பத்து நொடி! உங்கள் பையன் கையை ஓங்கும் முன்பே பக்கத்து பெஞ்சுக்காரன் "விடுடா" என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல அவனுக்கு நாங்கள் கற்றுத்தரவில்லை.

செங்கதிர்:
டீச்சர், மரியாதையோடதான் சொல்றேன், பக்கத்து பெஞ்சுக்காரன் சொல்லமாட்டான். நான் அடிக்காம இருந்தவன். போய் சொன்னவன். சொன்னதுக்கு அப்புறம் "கோள்மூட்டி"ன்னு பேர் வச்சாங்க, பள்ளி முடியுற வரைக்கும் அதுதான் என் பேர். இன்னைக்கும் பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சா கழுத்து விறைக்குது. ஒரு தடவை ஓங்கி அடிச்சிருந்தா என் பதினாலு வயசு எனக்குக் கிடைச்சிருக்கும்.

ஹாக்கியிலயே பாருங்க. பிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் புது அணியா இருந்தப்போ, 1968, 1969 பிளேஆஃப்ல செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் இவங்களைப் போட்டு நசுக்கினாங்க. இனிமே என் அணியை எவனும் மிரட்டக் கூடாதுன்னு உரிமையாளர் எட் ஸ்னைடர் முடிவு பண்ணி, தடிமாடு மாதிரி ஆளுங்களைச் சேர்த்தார். 1974, 1975 ரெண்டு வருஷமும் என்.எச்.எல். சாம்பியனுக்குத் தர்ற ஸ்டான்லி கோப்பை. பொறுத்துப் போயிருந்தா கிடைச்சிருக்குமா?

பனிக்கரடி:
செங்கதிர், உங்கள் வலியை மறுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஃப்ளையர்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த அணிக்கு ஊர் வைத்த பெயர் 'பிராட் ஸ்ட்ரீட் புல்லீஸ்', அதாவது பிராட் தெரு ரவுடிகள். அடிவாங்கியவர்கள் அடிக்கிறவர்களாக மாறினார்கள். அந்த அணியின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 பருவத்தில் மட்டும், விதி மீறியதற்காக 472 நிமிட பெனால்டி வாங்கினார், இன்றுவரை அதுதான் சாதனை. 1976 ஜனவரி 11 அன்று சோவியத் ராணுவ அணி இவர்களோடு ஆட வந்தது. சோவியத் வீரர் கார்லமோவை ஃப்ளையர்ஸின் எட் வான் இம்ப் அடித்து வீழ்த்தினார். நடுவர் பெனால்டி தரவில்லை. மொத்த சோவியத் அணியும் பனியைவிட்டு வெளியேறியது. பிறகு திரும்பி வந்து 4-1 என்று தோற்றது. யாருக்கு எதிராக ஸ்னைடர் அணியைக் கட்டினாரோ, அவர்களாகவே அந்த அணி ஆகிவிட்டிருந்தது.

வேங்கைமைந்தன் அண்ணா, மெக்சோர்லியின் பெயரைச் சொன்னீர்கள். கிரெட்ஸ்கியின் காவலராக இருந்த அதே மெக்சோர்லிதான், 2000 பிப்ரவரியில் ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது எதிரணி வீரர் டொனால்ட் பிரஷியரின் தலையில் மட்டையால் அடித்தார். நீதிமன்றம் குற்றவாளி என்றது. அதற்குப் பிறகு அவர் என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை.

"ஒரு தடவை எதிர்த்து நின்றால் தீர்ந்துவிடும்" என்பதற்கு கொலராடோ அணியில் ஆடிய ஸ்டீவ் மூரைக் கேளுங்கள். 2004-ல் அவர் வான்கூவர் கேப்டன் நாஸ்லண்டை இடித்துக் காயப்படுத்தினார். மார்ச் 8 அன்று வான்கூவரில் இரு அணிகளும் மறுபடி மோதியபோது, முதல் பகுதியிலேயே வான்கூவரின் மாட் குக்குடன் சண்டைக்கு நின்றார். ஹாக்கி கணக்குப்படி அதோடு நேர்செய்தாயிற்று. ஆனால் மூன்றாம் பகுதியில் அதே வான்கூவரின் டாட் பெர்ட்டூசி பின்னாலிருந்து குத்தி, பனியில் முகங்குப்புறத் தள்ளினார். கழுத்தெலும்பு முறிந்தது. மூர் அதன்பின் ஆடவில்லை.

என்ஃபோர்சர் டெரெக் பூகார்டையும் நினைத்துப் பார்க்கிறேன். மற்றவர்களுக்காக அடி வாங்குவதே அவர் வேலை. 2011-ல் மதுவும் வலி மாத்திரையும் சேர்ந்து உயிர் போனபோது வயது 28. மூளையைப் பரிசோதித்தவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு ஏற்கெனவே இருப்பதைக் கண்டார்கள். கிரெட்ஸ்கிகள் பத்திரமாக இருக்க யாரோ ஒருவன் இந்த விலையைக் கொடுத்தான்.

செங்கதிர்:
சரி, பூகார்டு விஷயத்துல பேச்சே இல்லை. ஆனா ஃப்ளையர்ஸை அடக்கினது யாரு? 1976 இறுதித் தொடர்ல மான்ட்ரியல் கனேடியன்ஸ், நாலு ஆட்டத்துல நாலையும் ஜெயிச்சு. கெஞ்சியா அடக்கினாங்க? அந்தத் தொடர்ல லாரி ராபின்சன், ஃப்ளையர்ஸோட கேரி டார்ன்ஹோஃபரைக் களத்தைச் சுத்தியிருக்கிற பலகையோட சேர்த்து இடிச்சதுல பலகையே உள்வாங்கிப் போச்சு. ஆட்டத்தை நிறுத்தி, ஆள் வந்து தட்டிச் சரிபண்ண வேண்டியிருந்தது. மிரட்டுறவனுக்கு உடம்புல உறைக்கணும். அதை நீங்க யாரும் ஒத்துக்கமாட்டேங்கிறீங்க.

பனிக்கரடி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது விதிக்கு உட்பட்ட இடி, குத்துச்சண்டை இல்லை. பயந்து ஒதுங்கவில்லை, அவர்களைப் போல ஆகவும் இல்லை. அந்த உதாரணத்தை என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.

மாலதி:
ரெண்டு பேரும் அடிதடிக்குள்ளேயே சுத்துறீங்க, ஹாக்கியிலயே நான் வேற ஒண்ணு சொல்லவா? 2022 நவம்பர் 4 அன்னைக்கு பாஸ்டன் புரூயின்ஸ் ஒரு இளம் வீரரை ஒப்பந்தம் பண்ணினாங்க. பள்ளியில படிச்சப்போ வளர்ச்சிக் குறைபாடுள்ள கறுப்பினச் சக மாணவனை வருஷக்கணக்கா கொடுமைப்படுத்தினவர் அவர். அரிசோனா கொயோட்டீஸ் 2020-லயே அவரைத் தேர்வு செஞ்சு, விஷயம் வெளியே வந்ததும் கைவிட்டிருந்தாங்க. இந்தத் தடவை புரூயின்ஸ் கேப்டன் பாட்ரிஸ் பெர்ஜரானே பத்திரிகைக்காரங்க முன்னாடி, இது நாங்க கட்டிவச்ச பண்புக்கு ஒத்துவராதுன்னு தன் மனசைச் சொன்னார். நவம்பர் 6-ல கிளப் பின்வாங்கிடுச்சு. கேப்டன் பேசினது மட்டுமே காரணம் இல்லை, ரசிகர்களும் கொதிச்சாங்க. ஆனா சம்பளம் கொடுக்கிற நிர்வாகத்துக்கு எதிரா ஒரு கேப்டன் வாய் திறக்கிறது லேசுப்பட்ட காரியமா?

எனக்கு எட்டாவதுல நடந்தது இது. என் பக்கத்துல யாரும் உட்காரக் கூடாதுன்னு ஒருத்தி உத்தரவு போட்டிருந்தா. நாலு மாசம் ரெண்டு பேர் உட்காருற பெஞ்சுல நான் ஒருத்தி. ஒருநாள் காலையில, இதுவரைக்கும் என்கிட்ட பேசாத ஒரு பொண்ணு வந்து பையை டொம்முன்னு வச்சு உட்கார்ந்தா. ஒண்ணுமே பேசலை. ஸ்கேல் இருக்கான்னு கேட்டா. அந்த டொம் சத்தம் இன்னும் காதுல இருக்கு. செங்கதிர் அண்ணா, உங்களுக்கு அப்படி ஒருத்தர் வராம போனதுதான் கொடுமை. அடிக்காம விட்டது இல்லை.

செங்கதிர்:
இதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியலைம்மா. ஆனா வராதவங்களுக்கு என்ன வழி? அந்தக் கேள்வியை நான் விடமாட்டேன்.

வேங்கைமைந்தன்:
எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதை வச்சு ராத்திரி பையன்கிட்ட கேட்டேன், "எண்ணாம இருந்தது யாருடா?"ன்னு. கொஞ்சம் யோசிச்சு ரெண்டு பேர் பேரைச் சொன்னான். அதுல ஒருத்தன் எப்பவும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நிப்பானாம். ஒரு தடவை உருண்டு போன காம்பஸை யாரும் பார்க்காதப்போ எடுத்து டெஸ்க்ல வச்சிருக்கான். இவ்வளவு நாள் இவன் அதை என்கிட்ட சொல்லவே இல்லை, நானும் கேக்கலை. அவங்க ரெண்டு பேர் வீட்டுலயும் பேசப் போறேன். அதுக்காக அடிச்சது தப்புன்னு மட்டும் என் பையன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வராது. திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கிறேன்.

கலைவாணி டீச்சர்:
வாயால் சொல்லாதீர்கள் சார். நடந்ததை ஒவ்வொன்றாகத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நீங்கள் முன்பு சொன்ன இரண்டு நாட்களும் அதில் இருக்கட்டும். நகலில் பள்ளி முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.