புதுப்பிப்பு: செஞ்சேற்றிலிருந்து ஸ்காண்டியம் பிரித்தல்

அலுமினியத் தாதுவான பாக்சைட்டிலிருந்து அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) எடுத்தபின் மிஞ்சும் செஞ்சேற்றை, அதிலுள்ள ஸ்காண்டியம் என்ற அரிய உலோகத்தைப் பிரிப்பதற்காக நேரடியாக அமிலத்தில் கரைத்தபோது, சிலிக்கா கூழாகத் திரண்டு வடிதாளை அடைத்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது.

உலர்ந்த சேற்றை அடர் கந்தக அமிலத்துடன் பிசைந்து, ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில் வறுத்தால், இரும்பு, டைட்டானியம் ஆகியவற்றின் சல்பேட்டுகள் (கந்தக அமிலத்துடன் சேர்ந்து உருவாகும் உப்புகள்) சிதைந்து கரையாத ஆக்சைடுகளாகிவிடுகின்றன. ஸ்காண்டியத்தின் கணிசமான பங்கோ சல்பேட்டாகவே நின்று, வெறும் நீரிலேயே கரைந்து வருகிறது. சென்ற முறை மணிக்கணக்கில் சொட்டிய வடிநீர் இம்முறை தெளிவாக, தடையின்றி இறங்கியதைக் கண்டு மனம் நிறைந்தது.

வெப்பநிலையில் மிகுந்த கவனம் தேவை: கூடினால் ஸ்காண்டியம் சல்பேட்டும் சிதைகிறது, குறைந்தால் இரும்பும் உடன் கரைகிறது. வறுக்கும்போது வெளியேறும் கந்தக ஆக்சைடு வாயுக்களைப் பிடித்து மீண்டும் அமிலமாக்கும் ஏற்பாடு இல்லாமல் இம்முறையைப் பெரிய அளவில் பரிந்துரைக்க மாட்டேன்.