‘ஈசி ஆக்சிஸ்’ – போரைடு காந்தப் பாடத்துக்கு ஒரு சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

இளநிலை இயற்பியல் மாணவர்களுக்காக அருமண்–இடைநிலை உலோகப் போரைடுகள் (போரான் சேர்ந்த சேர்மங்கள்) பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். நியோடிமியம் 2, இரும்பு 14, போரான் 1 என்ற சேர்மம்தான் முதன்மை எடுத்துக்காட்டு. 1984-இல் ஜப்பானில் சகாவா குழுவும் அமெரிக்காவில் குரோட் குழுவும் தனித்தனியே வெளியிட்டது. நாற்கோணப் படிகம், அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) அடிப்பக்கம் 8.8 ஆங்ஸ்ட்ராம், உயரம் 12.2, உள்ளே 68 அணுக்கள். காந்தமாக்கம், அதாவது அணுக்காந்தங்களின் மொத்தத் திசை, அந்த உயரத் திசையிலேயே நிற்க விரும்புகிறது. அதைக் குறுக்கே முழுதாகத் திருப்ப ஏறத்தாழ 7 டெஸ்லா புலம் வேண்டும். விரும்பும் திசைதான் ‘ஈசி ஆக்சிஸ்’. ‘எளிய அச்சு’ என்று போட்டேன், மெய்ப்புப் பார்த்தவர் “மலிவுப் பதிப்பா?” என்று கேட்டுவிட்டார். நல்ல சொல்லாகத் தாருங்கள்.

———

> எளிய அச்சு

‘இணங்கு அச்சு’ எனலாம். கடினத் திசைக்குப் ‘பிணங்கு அச்சு’. எதுகையும் கிடைக்கிறது, மாணவர் மறக்கமாட்டார்.

———

‘அச்சு’ என்பதே ‘அக்ஷ’ என்ற வடசொல் தமிழில் திரிந்த தற்பவம் ஐயா. ‘இருசு’ என்று வண்டிக்காரர் வாயில் வழங்கும் சொல் இருக்க, இரவல் எதற்கு? ‘இரு’ என்ற வேரிலிருந்து சக்கரம் இருந்து சுழலும் இடம், இருப்பு, இருக்கை என்று ஒரு குடும்பமே விரியும் என்பது என் எண்ணம். ‘இணங்கிருசு’ என்பதே என் பரிந்துரை.

———

> இரவல் எதற்கு?

குறள் 475-இல் மயிலிறகு வண்டியின் ‘அச்சு’ இற்றது. 667-இல் தேருக்கு ‘அச்சாணி’ இருக்கிறது. வள்ளுவருக்கு ஆன சொல் போரைடுக்கு ஆகாதா? ‘இருசை’ ‘ருஜு’ (நேரானது) என்ற வடசொல்லோடு முடிச்சுப் போடவும் ஒருவர் வருவார். அப்புறம் ‘காந்த’த்தையும் தூக்கிக் கடாச வேண்டியதுதான்.

———

ஒரு சின்ன விசயம். எங்கட பக்கம் படிகத்தைப் பளிங்கு எண்டுதான் படிச்சனாங்கள். இடைநிலைத் தனிமம் எங்களுக்குத் தாண்டல் மூலகம். பாடம் இரண்டு கரைக்கும் எண்டால் அதையும் ஒருக்கா யோசியுங்கோ.

———

பளிங்கு என்றால் இங்கே பிள்ளைகள் தரைக்கல்லைத்தான் நினைப்பார்கள் அம்மா. அதற்குத் தனி இழை போடலாம்.

வேர் ஆராய்ச்சியை விட்டு இயற்பியலுக்கு வருவோம். நியோடிமியத்தை எடுத்துவிட்டுச் சமாரியத்தை வைத்தால் காந்தமாக்கம் உயரத் திசையை விட்டு அடித்தளத்தில் படுத்துக்கொள்கிறது. நியோடிமியத்தின் 4எஃப் எலக்ட்ரான் முகில் (அணுவின் உட்கூட்டு எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் வடிவம்) தட்டை, சமாரியத்தினுடையது நீட்டு. படிகப் புலம், அதாவது சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம், இரண்டையும் வேறுவேறாகத் திருப்பி நிறுத்துகிறது. நியோடிமியச் சேர்மமே 135 கெல்வினுக்குக் கீழே போனால் காந்தமாக்கம் அச்சிலிருந்து சாய்கிறது, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் 30 பாகை வரை. அப்போது அச்சு இல்லை, கூம்பு. ஆகவே அச்சு, தளம், கூம்பு மூன்றோடும் ஒட்டுகிற முன்னொட்டு வேண்டும். ‘எளிய தளம்’ ஒட்டாது. ‘இணங்கு தளம்’, ‘இணங்கு கூம்பு’ ஒட்டும். ‘இணங்கிருசு’ எழுதியவர் கூம்புக்கு என்ன செய்வார்?

———

> இணங்கு தளம்

இணங்குவது காந்தமாக்கம், தளமா இணங்குகிறது? வினைத்தொகை இங்கே பொருந்தாது.

———

குடிநீரில் நீரா குடிக்கிறது? காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை என்பது நன்னூல். பெயரெச்சம் செய்பவனை மட்டுமா கொள்ளும்? கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் எல்லாம் கொள்ளும். ‘இணங்கு தளம்’ நிலப்பெயர். இலக்கணத்தில் குற்றமில்லை, காதுக்குத்தான் பழக வேண்டும்.

———

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. ‘இணங்கு அச்சு’, ‘இணங்கு தளம்’, ‘இணங்கு கூம்பு’ என்று அனுப்பிவிட்டேன். ‘பிணங்கு அச்சு’ குடும்பச் சண்டை போலிருக்கிறது என்று பதிப்புக் குழு ஏற்கவில்லை. ‘கடின அச்சு’ என்றே போகிறது.

———

‘கடினம்’ வடசொல். ‘வல்லிருசு’ எனலாமே. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.