மனைப் பரப்பைச் சென்ட்டிலும் மா, குழியிலும் எழுத லிஸ்ப்: எங்கிருந்து தொடங்குவது?

பாமணியாறு (மன்னார்குடி):

எல்லாருக்கும் வணக்கம். ஐ.டி.ஐ. சிவில் முடித்துவிட்டு மன்னார்குடியில் ஒரு சர்வேயரிடம் மூன்று வருடமாக டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். கம்ப்யூட்டரில் படம் வரைகிற ஆட்டோகேடில் கை நன்றாகவே ஓடும். ஆனால் நாளெல்லாம் ஒரே வேலை. மனையின் எல்லையாக வரைந்த பாலிலைனை (பல பக்கங்கள் சேர்ந்த ஒரே கோடு) தொட்டு ஏரியா பார்க்கணும், கால்குலேட்டரில் வகுக்கணும், நடுவில் சென்ட் எழுதணும். வயல் என்றால் இன்னொரு சுற்று. பட்டாவில் ஹெக்டேர், ஏர் (நூறு சதுர மீட்டர்) இருக்கும். சொந்தக்காரர் எங்கள் பக்கத்துப் பழைய அளவில் "மூணு மா நாப்பது குழி" என்பார். பத்திரம் எழுதுகிறவர் சென்ட் கேட்பார். மூன்றும் படத்தில் வர வேண்டும்.

போன மாதம் 42 மனை உள்ள ஒரு லே-அவுட் வந்தது. அதில் ஒரு மனை 40க்கு 60 அடி, 5.51 சென்ட். நான் 5.15 என்று தட்டிவிட்டேன். பத்திர வரைவைப் படித்தபோது மனை வாங்குகிறவரே கண்டுபிடித்துச் சொன்னார். பதிவுக்கு முன்னால் தெரிந்ததால் திருத்தியாயிற்று. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குகிற இடம் அது.

நெட்டில் கிடைத்த ஒரு லிஸ்ப்பை (ஆட்டோகேடுக்குள் ஓடும் சின்ன புரோகிராம்) ஆப்லோட் கட்டளையில் ஏற்றிப் பார்த்தேன். ஏதோ எண் வருகிறது, சதுர அடியா மீட்டரா என்று தெரியவில்லை. திறந்து பார்த்தால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. நானே எழுதக் கற்றுக்கொள்ள ஆசை. புரோகிராமிங் எதுவும் படித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

வெண்ணாறு (தஞ்சாவூர்):

தம்பி, நான் டிரேசிங் பேப்பரில் மை போட்டு வரைந்த காலத்து ஆள். லிஸ்ப்பைத் தொட்டதே நாற்பது வயதுக்கு மேல்தான். உங்களால் கண்டிப்பாக முடியும்.

முதலில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். ஒரு மனைக்கு உங்கள் கை என்னென்ன செய்கிறது என்று வரிசையாகத் தமிழில் எழுதுங்கள். மனையைத் தொடு, பரப்பை எடு, வகு, இரண்டு தசமத்துக்குச் சுருக்கு, இடம் கேள், எழுது. உங்கள் புரோகிராம் அவ்வளவுதான். மிச்சம், ஒவ்வொரு வரிக்கும் லிஸ்ப்பில் என்ன பெயர் என்று தேடுவது. (பெயர்களை உச்சரிக்கிற மாதிரி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

தொடுவதற்கு என்ட்செல். அது எதைத் தொட்டீர்கள், எங்கே தொட்டீர்கள் என்று இரண்டையும் சேர்த்துத் தரும். நமக்கு முதலாவது மட்டும் வேண்டும், அதை எடுக்கக் கார். அதை ஏரியா கட்டளைக்கு ஆப்ஜெக்ட் என்று சொல்லிக் கொடுத்தால், விடை ஏரியா என்ற சிஸ்டம் வேரியபிளிலேயே (ஆட்டோகேட் தன் மதிப்புகளை வைத்துக்கொள்ளும் இடம்) உட்கார்ந்திருக்கும். கெட்வார் போட்டு எடுத்துக்கொள்ளலாம். எண்ணை எழுத்தாக்க ஆர்-டு-எஸ், இடம் கேட்க கெட்பாயின்ட். எல்லாவற்றையும் சுற்றி டெஃபன். பெயருக்கு முன்னால் 'சி'யும் முக்காற்புள்ளியும் போட்டால் அது லைன், சர்க்கிள் மாதிரி ஒரு கட்டளையாகிவிடும்.

அடைப்புக்குறிக்குப் பயப்பட வேண்டாம். ஓர் அடைப்புக்குறி, ஒரு வேலை. நாம் பேசும்போது வினை கடைசியில் வரும்: "பரப்பை 435.6ஆல் வகு." லிஸ்ப்பில் வினை முதலில் வரும்: "வகு, பரப்பு, 435.6." இது ஒன்று பிடிபட்டுவிட்டால் யார் எழுதிய லிஸ்ப்பையும் மெதுவாக வாசித்துவிடலாம்.

நீங்கள் இறக்கிய லிஸ்ப்புக்கு அலகே தெரியாது. படத்தை அடியில் வரைந்தால் சதுர அடி, மீட்டரில் வரைந்தால் சதுர மீட்டர். ஒரு சென்ட்டுக்கு அடி என்றால் 435.6, மீட்டர் என்றால் 40.4686 என்று வகுக்கணும். எதில் வரைகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே குறிப்பாக எழுதி வையுங்கள்.

மா, குழிக்கு ஃபிக்ஸ் வேண்டும், அது தசமத்தை வெட்டிவிடும். உங்கள் 3 மா 40 குழியையே எடுங்கள். 48,960 சதுர அடி. மாவுக்கு 14,400 என்று வகுத்தால் 3.4. ஃபிக்ஸ் போட்டால் 3. மூன்று மாவைக் கழித்தால் மீதி 5,760, அதைக் குழிக்கு 144 என்று வகுத்தால் 40.

ஓர் இடத்தில் நான் ஒரு வாரம் சிக்கினேன். ஏக்கரில் மூன்றில் ஒன்று மா என்று ஒன்றை மூன்றால் வகுத்து எழுதினேன். எல்லா வயலும் பூஜ்யம் என்று வந்தது. இரண்டும் முழு எண்ணாக இருந்தால் லிஸ்ப் விடையையும் முழு எண்ணாகவே தரும், தசமத்தைக் கீழே போட்டுவிடும். 1.0, 3.0 என்று எழுதியதும் சரியாயிற்று.

எழுதி முடித்ததும் முதலில் அந்த 40க்கு 60ஐயே கொடுத்துப் பாருங்கள். 5.51 வராமல் வேறு மனையைத் தொடாதீர்கள்.

ஓடம்போக்கி (திருவாரூர்):

தம்பி, அண்ணன் சொன்னதோடு ஸ்கிரிப்ட் ஃபைலையும் பாருங்கள். லிஸ்ப்புக்கு முன்னால் நான் அதில்தான் பழகினேன். நான் வாய்க்கால்களின் நெடுக்குவெட்டு, குறுக்குவெட்டு வரைகிறேன். 30 மீட்டருக்கு ஒரு லெவல் என்று எக்செலில் வரும். தூரத்தையும், ஏற்ற இறக்கம் தெரிவதற்காகப் பத்தால் பெருக்கிய மட்டத்தையும் கமா போட்டு ஒரே கட்டத்தில் சேர்த்து, மேலே பிலைன் (பாலிலைன் வரையும் கட்டளை) என்று ஒரு வரி வைத்து, எஸ்சிஆர் என்ற நீட்டிப்போடு சேமித்தால் போதும். கையால் தட்டுவதை வரிசையாக எழுதிவைத்த தாள்தான் அது. ஒன்று கவனிக்கணும்: அதில் ஒவ்வொரு இடைவெளியும் என்டர். கடைசியில் ஒரு காலி வரி விடாவிட்டால் பிலைன் முடியாமல் தொங்கும்.

என்னைப் படுத்தியது ஆஸ்னாப், அதாவது பக்கத்தில் இருக்கும் புள்ளியில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் வசதி. குறுக்குவெட்டில் கரையின் உச்சியும் சரிவில் அடுத்த புள்ளியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. கையால் தட்டினால் சரி, ஸ்கிரிப்டில் போட்டால் தப்பு. ஆஸ்னாப்கோஆர்ட் என்ற வேரியபிள் இயல்பாக 2ல் இருக்கும். தட்டிய எண்தான் முதலில் என்று அதற்குப் பொருள், ஆனால் ஸ்கிரிப்டுக்கு மட்டும் விலக்கு. 1 என்று மாற்றினேன், தீர்ந்தது.

அரசலாறு (கும்பகோணம்):

ஆட்டோகேடின் விலை குறைந்த வடிவமான எல்டி வைத்திருந்தால் பதிப்பைப் பாருங்கள். 2024க்கு முந்தைய எல்டியில் லிஸ்ப் ஓடாது. அப்புறம், யார் எழுதியது என்று தெரியாத லிஸ்ப்பை அலுவலக கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள். ஆட்டோகேட் திறக்கும்போதே ஓடி, திறக்கிற ஃபோல்டருக்கெல்லாம் பரவுகிற லிஸ்ப் வைரஸ் உண்டு.

பாமணியாறு (மன்னார்குடி):

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாலு ராத்திரி உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் கார் போடாமல் என்ட்செல்லை அப்படியே ஏரியாவுக்குக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். நேற்று 11 மணிக்கு 5.51 வந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

இன்றைக்கு அதே லே-அவுட்டில் 42 மனையையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 41 சரி. 17ஆம் மனையில் மட்டும் நான் எழுதியதைவிடக் குறைவாக வருகிறது. வகுத்தல் சரிதான். என் லிஸ்ப்பில் தப்பா?

வெண்ணாறு (தஞ்சாவூர்):

அந்த மனை ஐந்து மூலையா? பாலிலைனை மூடாமல் விட்டிருப்பீர்கள். திறந்த பாலிலைனைக் கொடுத்தாலும் ஏரியா பேசாமல் விடை தரும். முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நேர்கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடும். பாலிலைனைத் திருத்தும் பிஎடிட் கட்டளையில் பாருங்கள்.

பாமணியாறு (மன்னார்குடி):

ஆமாம் அண்ணே. தண்ணீர்க் குட்டைப் பக்கம் உள்ள மூலை மனை, ஐந்து மூலை. பாலிலைன் நாலு புள்ளியோடு நிற்கிறது, ஐந்தாவது மூலையைத் தனி லைனாகப் போட்டிருக்கிறேன். சேர்த்து மூடியதும் பழைய எண்ணே வந்துவிட்டது. மூடாத பாலிலைனைத் தொட்டால் பரப்பை எழுதாமல் நிறுத்தச் சொல்லி ஒரு வரி சேர்க்கிறேன். மா, குழி நாளைக்கு.