கடல் பொங்கிய இடத்தில் நின்றுபோன கதை

பொன்னியின் செல்வன் ரசிகர்கள் ஒவ்வொருவராக இந்த 2025இல் என்ன படித்தோம், யாரைச் சந்தித்தோம் என்று எழுதி வருகிறீர்கள். நானும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங். சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே இருக்கும் சின்னப் பட்டணம். முன்பு சுற்றிலும் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. வீட்டு வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தேன். லயத்தை உடைத்தபோது தாமானுக்கு, புதுக் குடியிருப்புக்கு வந்தோம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அப்புறம் எல்லாமே மலாய். வேலை மின்னணுத் தொழிற்சாலையில், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தமிழ் எழுத்து மறக்கவில்லை, ஆனால் ஒரு பக்கம் படிக்கப் பத்து நிமிடமாகும்.

2022இல் படம் வந்தபோது மூன்று தடவை பார்த்தேன். அடுத்த வருடம் இரண்டாம் பாகம். புலிக்கொடி போட்ட சட்டை வாங்கினேன், வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன், வந்தியத்தேவனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சண்டைக்குப் போனேன். நாவலை மட்டும் படித்ததே இல்லை. அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

போன வருடக் கடைசியில் ஒருவர், படத்தில் கதையை மாற்றியது தனக்குப் பிடிக்கவில்லை என்று குழுவில் எழுதினார். நான் அவரை மிகவும் கேவலமாகப் பேசிவிட்டேன். தமிழனா என்றுகூடக் கேட்டேன். அவர் ஒரே ஒரு வரி பதில் போட்டார்: "நீங்கள் நாவலைப் படித்திருக்கிறீர்களா அம்மா?" அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஜனவரியில் பினாங்குக்குப் போய் ஐந்து பாகத்தையும் வாங்கி வந்தேன்.

முதல் பாகம் முடிக்க மூன்று மாதம் பிடித்தது. மனதுக்குள் படித்தால் வரி நழுவிப் போகிறது. அதனால் வாய்விட்டுத்தான் படித்தேன், சின்னப் பிள்ளை மாதிரி விரல் வைத்து. வேலை இல்லாத நாளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அப்படி ஒருநாள் படித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"ஏம்மா, அது வந்தியத்தேவன் கதையா?"

பக்கத்து வீட்டுப் பெரியம்மா. எண்பத்து நான்கு வயது. நாற்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருடம்தான் படித்தார், தம்பி தங்கச்சிகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். அவருக்கு இந்தக் கதை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் இந்த வருடம் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம்.

நாவல் கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அவர்கள் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், அந்த இதழை வாங்குவாராம். கப்பலில் வருவதால் வாரக்கணக்கில் பிந்தித்தான் கைக்கு வரும். கிராணி படித்து முடித்ததும் பெரியம்மாவின் அப்பா வாங்கி வருவார். அப்போது மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க அறிவித்த அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி, பொழுது சாய்ந்தால் வெளியே தலைகாட்டக் கூடாது. லயத்து மக்கள் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார, அப்பா படிப்பார். மறுநாள் பால்காட்டில் மரத்துக்கு மரம் அதே பேச்சுதானாம். நந்தினி நல்லவளா கெட்டவளா என்று இரண்டு பெண்கள் பால் பிடிக்கும் மங்குகளைப் போட்டு உடைத்துச் சண்டை பிடித்ததையும் சொன்னார்.

அப்புறம் கிராணிக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல். இதழ் நின்றுவிட்டது.

"எங்க நின்னுச்சு பெரியம்மா?"

"நாகப்பட்டினத்துல கடல் பொங்கி வருது. இளவரசர் அந்த விகாரத்துக்குள்ள இருக்காரு. தண்ணி உள்ள பூந்திருச்சு. அதோட நின்னுபோச்சு."

ஐந்தாம் பாகத்தின் தொடக்கம் அது; விகாரம் என்றால் புத்த மடம். அன்று அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. எழுபது வருடமாக அந்தத் தண்ணீர் வடியவே இல்லை. பிறகு யாரிடமும் கேட்கவில்லையா என்றேன். "யாரு இருந்தா கேக்க? கல்யாணம், பிள்ளைங்க, பால்காடு. படிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு நேரமில்ல" என்றார்.

அவருக்காக நான் நேரே ஐந்தாம் பாகத்துக்குப் போயிருக்கலாம். கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "நீ எங்க இருக்கியோ அங்கேருந்து படி. எனக்கு ஒன்னும் அவசரமில்ல." இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கினோம். வாரத்துக்கு மூன்று நாள், தேத்தண்ணி வைத்துக்கொண்டு. நான் சொற்களைத் தப்பாகப் பிரித்துப் படித்தால் உடனே திருத்துவார். எழுத்து தெரியாதவர், காதாலேயே திருத்துவார். ஆகஸ்டு வாக்கில் ஒரு பக்கம் இரண்டு நிமிடத்துக்கு வந்துவிட்டது. விரலை எப்போது எடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

பூங்குழலி வரும் இடமெல்லாம் அவருக்கு உயிர். "தனியாப் படகு விடுற பொம்பள" என்பார். அதிகாலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் போனவர் அவர். அதைச் சேர்த்துக் கேட்டபோதுதான் எனக்குப் பூங்குழலி புரிந்தாள். படத்தை மூன்று தடவை பார்த்தும் புரியாதது.

அக்டோபரில் கடல் பொங்கும் அத்தியாயம் வந்தது. அன்று படிப்பதற்கு முன் அவர் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி வந்து உட்கார்ந்தார். நான் படித்தேன். இளவரசர் பிழைத்தார். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்குத் தெரியாமயே போச்சு" என்றார்.

இதைக் குழுவில் எழுதினேன். முன்பு நான் திட்டிய அதே மனிதர்தான் முதலில் பதில் போட்டார். அந்த விகாரத்துக்கும் எங்கள் ஊருக்கும் இருக்கும் தொடர்பை அவர்தான் சொன்னார். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைக் கட்டியவன் ஸ்ரீவிஜய, கடார அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில். அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தவன் ராஜராஜன். லெய்டன் செப்பேடுகள் என்று சொல்கிறார்களே, அவற்றில் இது இருக்கிறது. கடாரம் கெடாதான் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். அதே ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் 1025இல் கடற்படையோடு வந்து கடாரத்தை வென்றான். மெய்க்கீர்த்தியில் "தொடுகடற் காவல் கடுமுரட் கடாரம்" என்று வருவது அதுதான்.

ராஜேந்திரன் வந்தது எனக்குத் தெரியும். கடாரம் கொண்டான் என்று சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தவள் நான். அதற்கு இருபது வருடம் முன்னால் கடாரத்துக்காரன் சோழ நாட்டில் கோயில் கட்டினான் என்பதுதான் தெரியாது. ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

"நம்ம ஊரு ராசா கட்டுன எடமா அது? அவன் ஊரு மேலயா படை எடுத்து வந்தாங்க?"

ஆமாம் என்றேன்.

அவர் ஜெராய் மலையைப் பார்த்தார். "கப்பல் வந்தப்ப இங்க இருந்த சனம் அங்கதான் ஓடியிருக்கும்."

அது சும்மா சொன்னதில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஜித்ராவை உடைத்துக்கொண்டு குரூண் வழியாகப் பெரிய சாலையில் இறங்கி வந்தபோது, பெரியம்மா கைக்குழந்தை. அவருடைய அம்மா அவரைத் துணியில் கட்டிக்கொண்டு அந்த மலையடிவாரக் காட்டுக்குத்தான் ஓடினாராம். படை வந்தால் ஓடுகிறவர்கள் பக்கம் நின்று இந்தக் கதையை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கே பிறந்தவள் நான். என் பாட்டன் பால் வெட்ட வந்தவர், படை நடத்தி வந்தவர் இல்லை. சோழர்கள் மேல் இருக்கும் பிரியம் எனக்குக் குறையவில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் போட மனம் வரவில்லை.

டிசம்பர் விடுமுறையில், அந்தப் படையெடுப்புக்கு ஆயிரம் வருடம் ஆனதை ஒட்டிக் குழுவினர் கிள்ளான், ஈப்போ, பினாங்கிலிருந்து வேனில் வந்தார்கள், பழைய கடாரத்தின் இடிபாடுகள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்க. உள்ளூர்க்காரி என்பதால் வழிகாட்டும் வேலை எனக்கு. வெட்கத்தோடு சொல்கிறேன், மெர்போக் அருங்காட்சியகம் என் வீட்டிலிருந்து மோட்டாரில் அரை மணி நேரம்கூட இல்லை, பள்ளியில் கூட்டிப்போனதற்கு அப்புறம் நான் போனதே கிடையாது. 2013இல் அந்தப் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டியை, அதாவது பழங்கோயிலை, வீடமைப்புக்கு நிலத்தைச் சமப்படுத்தியவர்கள் இடித்துப் போட்டார்கள். நாடே பேசியது. நான் எந்தச் செய்தியையும் கவனிக்கவில்லை. இந்த வருடம்தான் அதற்காக அழுதேன்.

அருங்காட்சியகத்தை ஒட்டி ஓடைக்கரையில் புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. பத்து பஹாட் என்றால் உளி பட்ட கல். எங்களில் ஒரு தம்பி கொடியோடு அடித்தளத்தின் மேல் ஏறிப் படம் எடுக்கப் போனான். இறங்கச் சொன்னேன். "அக்கா, இது நம்ம ராஜா ஜெயிச்ச இடம்" என்றான். "இது கோயில் தம்பி. செருப்பைக் கழட்டு" என்றேன். முறைத்தான், ஆனால் இறங்கினான்.

அங்கே வேலை செய்யும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் இதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். உள்ளே போனதும் என்னைக் கூப்பிட்டு, அந்தச் சண்டியின் அடியில் கிடைத்த கற்பேழைகளைக் காட்டினார். கோயில் கட்டும்போது அடித்தளத்தில் வைத்துப் புதைத்தவை, உள்ளே குழி குழியாக இருக்கும். எதற்கு இப்படி வைத்தார்கள், காக் (அக்கா) உங்களுக்குத் தெரியுமா என்று மலாயில் கேட்டார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்தபோது அடியில் நவரத்தினமும் நவதானியமும் வைத்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். "இன்னும் செய்கிறீர்களா?" என்று ஆச்சரியப்பட்டு, பக்கத்தில் நின்ற இன்னொருவரையும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

அந்த ஒரு வரி கேட்டவரும் வேனில் வந்திருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஓடைக்கரையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "படிச்சிட்டீங்கல்ல, போதும்மா" என்றார். போகும்போது ஒரு பை நிறையப் புத்தகம் கொடுத்துப் போனார், எல்லாம் நம் நாட்டு எழுத்தாளர்கள் தோட்டங்களைப் பற்றி எழுதியவை. ஒன்று ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோன ஆட்களைப் பற்றியது. அதைப் பெரியம்மாவுக்குப் படிக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவருடைய மாமா அங்கே போய்த் திரும்பாதவர்.

*

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்:

சகோதரி, உங்கள் பெரியம்மாவின் அப்பா செய்த வேலையை எங்கள் தோட்டத்தில் என் தாயார் செய்தார். அவருக்குப் படிக்கத் தெரியும், லயத்தில் அது அபூர்வம். இதழ்களிலிருந்து தொடரை மட்டும் பிரித்தெடுத்து, மைதா பசை தடவி, சாக்கு ஊசியால் தைத்து வைத்திருந்தார். அட்டைக்குப் பழைய நாட்காட்டி. தோட்டத்தை விற்று எங்களை வெளியேற்றியபோது லாரியில் இடம் போதவில்லை என்று நான்தான் அந்தக் கட்டை விட்டுவிட்டு வந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பின்னாளில் கடையில் வாங்கிக் கொடுத்தேன். படித்தார். ஆனால் அதில் ஓவியங்கள் வேறு, தையல் இல்லை. உங்கள் பெரியம்மா கதை முடிந்ததும் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லையே. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

*

அண்ணா, எழுத விட்டுப்போய்விட்டது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை முடித்தோம். கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை போய்விடுகிறாள் அல்லவா, அங்கே என் குரல் உடைந்துவிட்டது. பெரியம்மா அழவில்லை. "பாவம் பிள்ள" என்று மட்டும் சொன்னார். புத்தகத்தை வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நான் இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலில் என் நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. முதல் பாகத்தை நான் படித்து அவர் கேட்கவே இல்லையே, அதை எடுத்து வரச் சொன்னார். ஆடித் திருநாள், வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை. நான்கு பக்கம்கூடப் போயிருக்க மாட்டோம், கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ஏரி எவ்ளோ பெரிசு? நம்ம பெடு அணை அளவுக்கு இருக்குமா?"

ஆசிரியர் சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி, மேலே படி என்றார்.