5ஜி மோடத்துக்குப் பின்னால் வீட்டு மெயில் சர்வர்: வெளியிலிருந்து எட்ட மாட்டேங்குது

லயத்துவீடு:
சுங்கை சிப்புட்டில் தோட்டத்து ஓரம். ஃபைபர் வரலை, சிம் போட்ட 5ஜி மோடம்தான். மினி பிசியில் டெபியன் லினக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பி வாங்க), டவ்காட் (பெட்டியைத் திறந்து படிக்க) ஏற்றியாச்சு. சொந்த டொமைன், ஐந்து மெயில் பெட்டி. இரண்டு இங்கே, மற்றது பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர். மோடத்தில் போர்ட் 25 (சர்வர்களுக்கு இடையே மெயில்), 993 (மெயில் படிக்க) திறந்தும் ஒன்றும் உள்ளே வரலை. ஜிமெயிலுக்கு அனுப்புவதும் வரிசையிலேயே நிற்குது. எங்கே கோளாறு?

செம்பனை_லினக்ஸ்:
மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியை, அதாவது வெளிப்பக்க முகவரியைப் பாருங்க தம்பி. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் சிஜிநாட். ஒரு பொது ஐபியைப் பல வீடு பகிருது, உங்க மோடத்தில் எதைத் திறந்தும் பிரயோஜனமில்லை.

பொது ஐபி கிடைத்தாலும் பாதிக் கிணறுதான். வீட்டு லைனில் 25-ஐ அடைப்பது வழக்கம், வீட்டு ஐபிகள் ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் தடைப்பட்டியலில் இருக்கும், பிடிஆர் பதிவும் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்வது) உங்க கையில் இல்லை.

சிங்கப்பூரில் சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுங்க, 1 ஜிபி ரேம் தாராளம். காசு கட்டுமுன் கேட்கணும்: 25 வெளியே போகுமா, பிடிஆர் வைக்கலாமா? உங்க டொமைனின் எம்எக்ஸ் (மெயில் எங்கே போகணும் என்ற டிஎன்எஸ் பதிவு) அந்த விபிஎஸ்ஸைக் காட்டட்டும். வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் டனல் (மறையாக்கிய தனிவழி). கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் சின்ன பாக்கெட்) 25 வினாடிக்கு ஒருமுறை வீட்டுப் பக்கம் போடுங்க, இல்லாட்டி சும்மா இருக்கும்போது விபிஎஸ்ஸால் வீட்டை எட்ட முடியாது. கடிதம் தங்குவது உங்க டிஸ்க்கில்தான்.

பழைய_ரப்பர்:
இதிலே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விபிஎஸ்ஸில் 25-ஐ மாஸ்க்கரேட் போட்டு (அனுப்பினவர் ஐபியை மறைத்து) அப்படியே வீட்டுக்குத் தள்ளிடுவாங்க. அப்போ உலகத்து இணைப்பெல்லாம் டனல் ஐபியிலிருந்து வருவதாக வீட்டு போஸ்ட்ஃபிக்ஸ் நினைக்கும். அந்த ஐபி மைநெட்வொர்க்ஸில் (போஸ்ட்ஃபிக்ஸ் நம்பும் ஐபி பட்டியல்) இருந்தால் முடிஞ்சது லா, ஓப்பன் ரிலே; யார் வேணும்னாலும் உங்க வழியா அனுப்பலாம். ஃபெயில்டூபேன் (தொல்லை தரும் ஐபியைத் தடுப்பது) இருந்தாலும் அது தடுப்பது அதே ஐபியைத்தான், மொத்தக் கடிதமும் நின்றுபோகும்.

விபிஎஸ்ஸிலும் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடட்டும். அதன் ரிலே டொமைன்ஸில் (எதற்கு வாங்கிக் கடத்தணும்) உங்க டொமைன், டிரான்ஸ்போர்ட் மேப்ஸில் (எங்கே கடத்தணும்) வீட்டு டனல் ஐபி, மைநெட்வொர்க்ஸில் லூப்பேக்கோடு (சர்வர் தன்னையே குறிக்கும் ஐபி) அந்த ஒரு ஐபி மட்டும். வீட்டில் ரிலேஹோஸ்ட்டாக (வெளியே அனுப்பும் வழி) விபிஎஸ். விபிஎஸ்ஸின் ரிலே ரெசிப்பியன்ட் மேப்ஸில் (ஏற்கும் முகவரிப் பட்டியல்) ஐந்து முகவரியையும் எழுதுங்க. விட்டால் இல்லாத பெயருக்கு வரும் குப்பையையும் விபிஎஸ் வாங்கும்; வீடு மறுத்ததும் போலி அனுப்புநருக்குத் திருப்பி விடும். ஐபி பேர் கெட இதுவே போதும்.

லயத்துவீடு:
பினாங்குக்காரங்களுக்கு 993-ஐ வெளியே திறக்கணுமா? மழைக்குக் கரண்ட் போனால் கடிதம் தொலையுமா?

செம்பனை_லினக்ஸ்:
திறக்கவே வேண்டாம். ஒவ்வொரு போனிலும் வயர்கார்ட், தனித்தனிச் சாவி. போன் தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் எடுத்துடலாம். கடிதம் படிக்க 993, அனுப்ப 465, இரண்டும் டனலுக்குள். மறையாக்கத்துக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை டிஎன்எஸ்-01 வழியில் (டொமைன் உங்களுடையதென்று டிஎன்எஸ் பதிவால் காட்டுவது) எடுத்தால் போர்ட் 80-உம் திறக்க வேண்டாம்.

கரண்ட் போனால் கடிதம் விபிஎஸ் வரிசையில் காத்திருக்கும், போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கெடு 5 நாள். கரண்ட் வந்ததும் பிசி தானே எழும்பும்படி பயாஸில் வையுங்க. கூரையில் ஆன்டெனா இருந்தால் இடி அந்தக் கேபிள் வழியாகவும் இறங்கும், யுபிஎஸ் மட்டும் காப்பாற்றாது.

பழைய_ரப்பர்:
எஸ்பிஎஃப்பில் (எந்த ஐபி உங்க பெயரில் அனுப்பலாம் என்ற பதிவு) விபிஎஸ் ஐபி. டிகிம் (கடிதத்துக்கு டிஜிட்டல் கையெழுத்து) சாவி 2048 பிட். அந்தச் சாவியை வைக்கும் டிஎக்ஸ்டி (டிஎன்எஸ்) பதிவில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்டாது, இரண்டாக உடைக்கணும். பிறகு ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி 'ஷோ ஒரிஜினல்' பாருங்க. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (அந்த இரண்டும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துதா என்ற சோதனை) மூன்றிலும் பாஸ் வந்த பிறகு மற்றவங்களுக்கு முகவரியைக் கொடுங்க.