வீதியில் முதலில் குந்தியது எந்த ஊர்ப் பெண்கள்?

குருமன்காட்டான்:
பெண்கள் தினத்துக்கு ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு நாளாக எல்லோரும் பகிர்கிறார்கள். வாசித்ததும் வயிறு பற்றி எரிந்தது. 2009இல் முடிந்த போருக்குப் பின் வன்னிப் பெண்கள் (கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம்) போராட்டத்துக்கு முதன்முதலில் வீதியில் குந்தியது 2017 பெப்ரவரி 20, கிளிநொச்சியில் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போ வவுனியாவில் ஜனவரி 23 தொடங்கிய சாகும்வரை உண்ணாவிரதம் என்ன கணக்கு? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்மார் சாப்பிடாமல் கிடந்தார்கள். பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் நேரில் வந்து வாக்குக் கொடுத்த பிறகுதான் 26ஆம் திகதி எழும்பினார்கள். இதை விட்டுவிட்டு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இரணைமடு:
அண்ணை, ‘எழும்பினார்கள்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இனி நான் என்ன சொல்ல? எங்கள் கிளிநொச்சி அம்மாமாரும் பிள்ளைகளைத் தேடித்தான் பெப்ரவரி 20 கந்தசுவாமி கோயில் முன்னால் இருந்தவர்கள், ஒருவருடைய வாக்கை நம்பியும் எழும்பவில்லை. ஆயிரம் நாள், இரண்டாயிரம் நாள் என்று போனது. வவுனியாவில் தொடர் போராட்டம் தொடங்கியது பெப்ரவரி 24. நான்கு நாள் பிந்தி. 20 முந்தியா 24 முந்தியா என்று முன்பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள்.

நந்திக்கடல் மகள்:
இரண்டு அண்ணைமாருக்கும் வணக்கம். ஜனவரி 31. முல்லைத்தீவு, கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்பு, எங்கள் காணியைப் பிடித்து வைத்திருந்த விமானப்படை முகாம் வாசல். நீங்கள் பெப்ரவரிக்குள் நின்று சண்டை பிடியுங்கள்.

அன்றைக்குக் காணி விடுவோம் என்று சொன்னதை நம்பித்தான் சனம் போனது. காணியும் விடவில்லை, பதில் சொல்லவும் ஆளில்லை. அப்படியே வாசலில் இருந்துவிட்டோம். மார்ச் 1 காணிக்குள் கால் வைக்கும்வரை திரும்பிப் போகவில்லை. பனி, நுளம்பு, தறப்பாளுக்குக் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள். என் அம்மா முகாம் வாசலை ஒரு நாளும் பார்க்கவில்லை. முள்ளுக்கம்பிக்கு அங்கால தெரிந்த எங்கள் கிணற்றுக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. இதை எழுதாத கட்டுரை பெண்கள் தினத்துக்கு எதற்கு?

குருமன்காட்டான்:
தங்கச்சி, ஜனவரி 23 முந்தியா, 31 முந்தியா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இரணைமடு:
அதோடு கேப்பாப்புலவில் நடந்தது காணிப் போராட்டம். ஆண்களும் இருந்தார்கள். இங்கே பெண்களைப் பற்றித்தானே கதை?

நந்திக்கடல் மகள்:
இருந்தார்கள் தான். பகலில் கூலிக்கும் கடலுக்கும் போய்விட்டு வந்து இருந்தார்கள். இரவு பகலாக அசையாமல் இருந்தது பெண்கள்.

காணி பெண்களின் பிரச்சினை இல்லையா? அண்ணை, உங்கள் வீட்டுப் பெர்மிட்டை எடுத்து யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வன்னியில் நிறையச் சனம் இருப்பது பெர்மிட் காணியில், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பெர்மிட்காரர் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரை எழுதி வைக்காமல் செத்தால் பிள்ளைகளுக்குள் முதல் உரிமை ஆண்பிள்ளைக்கு. மூத்தவள் பெண் என்றாலும் தம்பிக்குப் பிறகுதான் அவள். அதைத் திருத்த 2022 வரை எடுத்தது. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் இன்னொரு கூத்து: சொந்தச் சீதனக் காணியை விற்கவும் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். புருஷன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால்? சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

என் அம்மா ஒரு அலுவலகத்தில் படிவம் கொடுக்கப் போனபோது, ‘குடும்பத் தலைவர் கையெழுத்து எங்கே’ என்று கேட்டார்கள். பொலித்தீன் பைக்குள் நாலாய் மடித்து வைத்திருந்த அப்பாவின் அடையாள அட்டைப் பிரதியை எடுத்துக் காட்டினா. அதில் கையெழுத்து இருக்கிறதுதானே என்று கேட்டா. அந்த எழுதுவினைஞர் படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். அந்த அம்மாதான் ஜனவரி 31 போய் வாசலில் இருந்தா. அது பெண்களின் போராட்டம் இல்லை என்கிறீர்கள்.

இரணைமடு:
அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை தங்கச்சி. திகதியைப் பற்றித்தான் சொன்னேன். நீங்கள் மார்ச் 1 எழும்பினீர்கள். நாங்கள் எழும்பவில்லை. பெப்ரவரி 20.

நந்திக்கடல் மகள்:
நாங்கள் எழும்பியது காணி கிடைத்து. அதுவும் பிலக்குடியிருப்புச் சனத்துக்கு மட்டும். மற்றக் கேப்பாப்புலவுச் சனம் அதே மார்ச் 1 தங்கள் காணிக்குக் குந்தினார்கள். டிசம்பர் 28 வரை இருந்து 133 ஏக்கர் எடுத்தார்கள், மிச்சத்துக்கும் தொடர்ந்து இருந்தார்கள். வென்றதைக் குறையாகச் சொல்வது இங்கேதான் பார்க்கிறேன்.

நல்லூர் வடக்கு வீதி:
மூன்று பேரும் பொறுங்கள். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தொடங்கி, கைதான பிள்ளைகளுக்காகத் தாய்மார் ஊர்வலம் போனார்கள். உங்கள் 2017க்கு 33 வருடம் முந்தி. வழி காட்டியது யாழ்ப்பாணம். 2013 மாகாண சபைத் தேர்தலில், காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடிய அனந்தி சசிதரனுக்கு 87,870 விருப்பு வாக்குப் போட்டதும் யாழ்ப்பாணம்.

குருமன்காட்டான்:
வந்திட்டார். கட்டுரையில் ‘போருக்குப் பின்’, ‘வன்னி’ என்று இருக்கிறது. இரண்டும் உங்கள் கண்ணில் படவில்லையா? அனந்தி கணவருக்காக ஆட்கொணர்வு மனு போட்டது வவுனியா மேல் நீதிமன்றத்தில். அதையும் எழுதுங்கள்.

நந்திக்கடல் மகள்:
அவருடைய கணவர் சரணடைந்தது முல்லைத்தீவில். அதையும் சேர்த்து எழுதுங்கள். நல்லூர் ஐயா, 1984 தாய்மாரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நாங்கள் மெனிக்பாம் அகதி முகாமில் கிடந்து 2012 செப்டெம்பரில் சொந்த ஊர் என்று பஸ்ஸில் ஏற்றிக் காட்டுக்குள் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டபோது, வழி காட்ட ஒருவரும் வரவில்லை. வன்னியில் நடந்தால் தமிழர் போராட்டம், யாழ்ப்பாணத்தில் நடந்தால் யாழ்ப்பாணத்தின் போராட்டம். இந்தக் கணக்குச் சின்ன வயதிலிருந்து கேட்டுப் புளித்தது.

நல்லூர் வடக்கு வீதி:
ஊர்ப் பிரிவினை பேசுவது யார் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். நான் வரலாறு சொன்னேன்.

முழங்காவில் தம்பி:
இரணைதீவை ஒருவரும் சொல்லவில்லை. 1992இல் அந்தத் தீவை விட்டு இடம்பெயர்ந்த சனம். சொந்தத் தீவுக்குத் திரும்ப 2017 மே 1 இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரல் 23 வெள்ளைக்கொடியோடு படகில் ஏறிப் போய்த் தீவில் இறங்கினார்கள். முன்னுக்கு நின்றது பெண்கள். திகதியில் பிந்தியவர்கள் என்றால் கணக்கில் இல்லையா?

இரணைமடு:
தம்பி, அதுவும் எங்கள் மாவட்டம்தான். கிளிநொச்சி.

முழங்காவில் தம்பி:
போராடும்போது பூநகரிப் பக்கம், வென்ற பிறகு கிளிநொச்சி மாவட்டம். நல்லது அண்ணை.

குருமன்காட்டான்:
கதையை மாற்றாதீர்கள். கேள்வி ஒன்றுதான். உண்ணாவிரதம் வீதியில் குந்துவதா இல்லையா? ஜனவரி 23 அந்தத் தாய்மார் கிடந்தது வீதியோரத்தில். அங்கே கொடுத்த வாக்கு பொய்த்தபடியால்தான் பெப்ரவரியில் எல்லா ஊரும் கொதித்தது. காணாமல் போனோர் அலுவலகத்துக்கு ஆட்களை நியமிக்கவே 2018 பெப்ரவரி ஆனது. வேர் வவுனியாவில். எழுதினவர் திருத்த வேண்டும்.

இரணைமடு:
திருத்த ஒன்றும் இல்லை. பெப்ரவரி 20. எங்கள் போராட்டக் கொட்டிலில் இருந்த எத்தனை அம்மாமாரின் செத்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பிள்ளையின் படத்தைத் தலைமாட்டில் வைத்துத்தான் எடுத்தார்கள். பிந்தி வந்து பங்கு கேட்காதீர்கள்.

குருமன்காட்டான்:
எங்களிலும் செத்தார்கள். செத்த வீட்டிலும் போட்டியா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

நந்திக்கடல் மகள்:
நீங்கள்தானே போட்டியைத் தொடங்கினீர்கள் அண்ணை. தாய்மாருக்கு நடந்ததில் எனக்கு ஒரு வாதமும் இல்லை, என் அப்பாவின் பெயரும் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஒருவராலும் எழுப்ப முடியாதபடி குந்தி, கேட்டதை எடுத்துக்கொண்டு எழும்பியது பிலக்குடியிருப்பு. அதைக் கட்டுரையில் ஒரு வரி எழுத ஏன் கை வரவில்லை? நகரத்தில் குந்தினால் படம் வரும், காட்டுக்குள் குந்தினால் வராது, அவ்வளவுதான். ஜனவரி 31.

நல்லூர் வடக்கு வீதி:
1984.

இரணைமடு:
ஐயா, நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

நல்லூர் வடக்கு வீதி:
நான் எங்கே இருந்தால் என்ன? 1984இல் என் பெரியம்மா அந்த ஊர்வலத்தில் நடந்தவா. செருப்பு அறுந்து வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தவா. உங்களுக்கு மட்டும்தான் அம்மா இருக்கிறாவா?

நந்திக்கடல் மகள்:
பெரியம்மாவைப் பற்றி முழுதாக எழுதுங்கள் ஐயா, வாசிக்கிறேன். அதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் இப்படிக் கதைத்திருக்க மாட்டேன். ஆனால் ‘வழி காட்டியது’ என்ற சொல்லை எடுங்கள்.

நல்லூர் வடக்கு வீதி:
எடுக்க மாட்டேன்.

குருமன்காட்டான்:
கட்டுரை எழுதினவருக்கு இப்போதுதான் ஜனவரி 23 என்று செய்தி அனுப்பினேன்.

இரணைமடு:
நானும் அனுப்புகிறேன்.